மலேசியாவுக்காக ஆடிய லாரிக்காரர்

பேட்மிண்டன் நெட் கம்பத்தை இரண்டு நாடுகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஹாலின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு ஒரே சாவி. அது தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர், வேலை பார்க்கும் என்னிடம் இருக்கும். அதனால் ஹாலில் எது நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "கிராணியம்மா, சண்டை!" என்று யாரோ வாசலில் கத்த, குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே நனைந்த காலுறை வாடையும் வறுத்த கச்சான் கடலை வாசனையும் கலந்து வந்தன. கம்பத்தின் மேல்பாதியை வங்காளதேசம் பிடித்திருந்தது. கீழ்பாதி இந்தோனேசியாவின் பிடியில் இருந்தது. இடையில் நெட் மீன் வலை மாதிரி தொங்கியது.

"அக்கா, நாங்க முதல்ல வந்தோம். நெட்டு நாங்கதான் கட்டினோம்" என்றான் வங்காளதேசத்து ரபிக், தோட்டத்தில் பழகிய தமிழில். ஒல்லியான ஆள். கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, மெஷின்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போவது போலத் தெரியும்.

"கம்பத்த ஸ்டோர்லேர்ந்து தூக்கிட்டு வந்தது நாங்க லா" என்றார் இந்தோனேசியர் ஒருவர்.

இந்தியா மேடையில் கால் மேல் கால் போட்டுக் கச்சான் தின்றுகொண்டிருந்தது. அதாவது முருகேசன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்.

"ரெண்டு பேரும் விடுங்கப்பா. உலகக் கிண்ணம் வாங்குன நாடு இங்க உக்காந்திருக்கு. நாங்க ஆடிட்டுத் தர்றோம்."

நான் யாருக்கும் நியாயம் சொல்லவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பி, கம்பத்தை உள்ளே விட்டு, ஹாலைப் பூட்டினேன். மழையில் நின்றதும் எல்லா நாடுகளும் ஒரே கூரை விளிம்பின் கீழ் ஒண்டிக்கொண்டன.

நாற்காலியிலிருந்து உலகம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தாப்பா சாலையில் முட்டைக்கோஸ் லாரி சரிந்த கதையை எழுதியிருந்தேன். அந்த லாரியை ஓட்டியவர்தான் என் கணவர் சவரிமுத்து. கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவது அவர் தொழில். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைக்கோசுகளும் பெரும்பாலும் பிழைத்தன. கிளட்ச் மிதிக்கும் இடது காலின் முட்டி மட்டும் நொறுங்கிவிட்டது.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் சொன்னது ஒரே சொல்: "நடங்க." இவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டிவியில் பேட்மிண்டன் பார்க்க ஆரம்பித்தார். உலகத்தின் ஏதாவது ஓர் ஊரில் எப்போதும் பேட்மிண்டன் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து பேசினால், "ம்", "சரி", "அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று மூன்று வார்த்தை. நடுவர் ஒரு கோட்டைத் தப்பாகச் சொன்னால் மட்டும் சொற்பொழிவு.

என்னிடம் அவர் பேசியதெல்லாம் எந்த நாடு பலம் என்பதைப் பற்றித்தான்.

"சீனாக்காரன் மெஷின். ஒருத்தன் போனா பின்னாலயே இன்னொருத்தன் தயாரா நிப்பான். இந்தோனேசியாக்காரனுக்கு மணிக்கட்டுல எலும்பே கிடையாது. ஜப்பான்காரனுக்குக் களைப்புன்னா என்னன்னு தெரியாது. கொரியாவுல பொண்ணுங்கள நம்பலாம். ஐரோப்பாவுல டென்மார்க்கு ஒன்னுதான். தாய்லாந்தும் இந்தியாவும் இப்ப ஏறி வந்துட்டானுங்க."

"அப்ப நம்ம?"

தேநீரை ஒரு மிடறு குடிப்பார்.

"நம்மகிட்ட திறமை இருக்கு. நேரம்தான் சரியில்ல."

மலேசியா அரையிறுதி வரை எந்த நாட்டையும் வீழ்த்திவிடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஒலிம்பிக் தங்கத்துக்காக நான் எத்தனை முறை மாதாவிடம் வேண்டியிருக்கிறேன் என்பது எனக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளி கொடுத்தாள், வெண்கலம் கொடுத்தாள். கேட்டதை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

டென்மார்க்காரர் ஒருவர்

விபத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் முதுகுப்பையோடு நின்ற ஒரு வெள்ளைக்கார இளைஞனிடம் சவரி எந்த நாடு என்று கேட்டார். டென்மார்க் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பையனைக் கையோடு லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். எனக்கு அலுவலகத்துக்கு போன்: "ஆக்னஸ், சீக்கிரம் வா. வீட்டுக்கு டென்மார்க் வந்திருக்கு."

நான் போகும்போது பையன் எங்கள் வீட்டு வாசலில் ராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென விழித்துக்கொண்டிருந்தான். அவன் தன் வாழ்நாளில் பேட்மிண்டன் ஆடியதில்லையாம். பள்ளியில் ஹேண்ட்பால்தான் ஆடினானாம். சவரி நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார். இருட்டும்வரை வாசலில் அவனை ஓடவிட்டார். பாவம், இடியப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டுவிட்டு அந்தப் பையன் நொண்டிக்கொண்டே போனான்.

"சும்மா ஆடிட்டுப் போறான்" என்றார் சவரி, அவன் முதுகைப் பார்த்து. "முழு ஆட்டத்த வெளியூர்ல காட்ட மாட்டானுங்க."

துரையின் தீர்ப்பு

ஹால் சண்டை மேனேஜர் காதுக்குப் போனது. மேனேஜர் கோலாலம்பூரில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்த தமிழ்ப் பையன். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. துரை என்றே கூப்பிட்டார்கள். இப்போது பழகிவிட்டார், துரை என்று கூப்பிடாவிட்டால்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

"போட்டி வைப்போம்" என்றார். "நாட்டுக்கு ஒரு ஜோடி. ஆம்பளையோ பொம்பளையோ, யார் வேணும்னாலும். ஜெயிக்கிற நாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹால் சொந்தம். ஒரு வருஷத்துக்கு."

ஞாயிறு பிற்பகல் என்றால் என்ன என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் யாரும் யாருக்கும் வேலை சொல்லாத நேரம். அதைப் பரிசாக வைத்துவிட்டார் துரை.

நேபாளம், வாலிபால் வைத்தால் வருகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டது. சீனா எங்கள் தோட்டத்தில் கிடையாது. அதனால் மற்ற எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. இந்தோனேசியா இரண்டு வாட்டசாட்டமான ஆண்களை அனுப்பியது. தொழிலாளர் விடுதியில் சமைக்கும் யானி என்ற ஜாவாப் பெண்தான் அவர்களில் நன்றாக ஆடுபவள். அவளைச் சேர்க்கவில்லை.

"மலேசியாவுக்கு யாரு?" என்று துரை கேட்டார்.

யோசித்தேன். தோட்டத்து மலேசியர்களில் ஓடக்கூடியவர்கள் எல்லாரும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், இல்லையென்றால் இரண்டும்.

"நானும் என் வீட்டுக்காரரும் ஆடுறோம் துரை."

துரை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரைக் கேட்டுட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு. அதனால கேக்கல."

வீட்டில் நடந்ததை எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

"எனக்குக் கால் இல்ல" என்றார்.

"ரெண்டு இருக்கு."

"ஒன்னு வேலைக்கு ஆகாது."

"இன்னொன்னு ஆகும்ல?"

டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். மூன்று நாள் அந்தச் சத்தம்தான் பதில்.

அவரை எழுப்பியது நான் இல்லை, முருகேசன். சிகரெட் வாங்க கடைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, ரொம்ப அனுதாபமாகக் கேட்டார்: "அண்ணே, மலேசியா வரலையாமே? பரவால்லண்ணே. வயசான நாடு. நாங்க நேரா ஃபைனலுக்குப் போயிக்கிறோம்."

சவரி டிவியை அணைத்தார். "ஆக்னஸ், என் பழைய கேன்வாஸ் சப்பாத்த எங்க வச்சே?"

தமிழில் திட்டிக்கொண்ட இரு நாடுகள்

அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. ஆடுகளத்தில் நான்கு பேர்; நான்கு பேரும் தமிழர்கள். எங்கள் தாத்தாக்கள் ஏறிய கப்பலில் முருகேசனின் தாத்தா ஏறாமல் விட்டதுதான் இரு நாடுகளுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தியாவின் பலம் என்னவென்று முதல் சர்வீசிலேயே தெரிந்துவிட்டது. ஷட்டில் முகத்துக்கு நேரே வந்தால் முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"யோவ், உலகக் கிண்ணம் வாங்குனது நீதானா?" என்று சவரி கேட்டார்.

"நாடு வாங்குச்சுண்ணே! நான் பாத்தேன்."

சவரி நெட் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் ஓடியதெல்லாம் நான். ஆனால் கைக்கு எட்டியதை அவர் விடவில்லை. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் ஷட்டில் நெட்டை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் செத்து விழும். மாதக்கணக்காக டிவி பார்த்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்தோம். முருகேசன் வந்து கைகொடுத்து, வெயில் இருந்திருந்தால் கதையே வேறு என்றார்.

மற்ற அரையிறுதியில் வங்காளதேசம் இந்தோனேசியாவை நசுக்கியது. உலகத் தரவரிசையில் எங்கேயோ கீழே கிடக்கும் நாடு. சவரியின் விரிவுரைகளில் ஒருமுறைகூட வராத நாடு.

ஆட்டம் முடிந்து ரபிக் என் பக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்தபோது, இதை எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்டேன்.

"அக்கா, எங்க ஊர்ல குளிர்காலம் வந்தா எல்லா இடத்துலயும் இதுதான். அறுவடை முடிஞ்ச வயல்ல கோடு போடுவோம். மேல பல்பு கட்டுவோம். குளிர் போனா ஆட்டமும் போயிடும்." வாயைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். "இங்க கேமரன்ல குளிர் போகவே இல்ல அக்கா. வருஷம் பூரா சீசன்."

யானி சுவர் ஓரமாக நின்று, தோற்று வந்த தன் நாட்டு ஆண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "காக்காக்" என்று கை காட்டினாள். மலாயில் அக்கா என்று அர்த்தம். அவள் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் என் கணவருக்கு ஒரு அலாதி சந்தோஷம்.

"என்னையும் சேத்துக்கன்னு சொன்னேன் காக்காக். கேக்கல. சாப்பாட்டுக்கு எங்கிட்டதானே வரணும்?"

இறுதி ஆட்டம்

அடுத்த ஞாயிறு இறுதி. ஹால் நிறைந்துவிட்டது. துரையே நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

ரபிக்கும் அவன் கூட்டாளியும் ஆரம்பத்திலிருந்தே என்னையே குறிவைத்து ஆடினார்கள். பின்னால் வலது, பின்னால் இடது, மறுபடியும் வலது. எனக்கு மூச்சு இரைத்தது. பொம்பளையைத்தான் ஓடவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் என்னவோ புள்ளிகள் ரொம்ப மோசமாக இல்லை. சவரியிடம் வந்த ஷட்டில்கள் எல்லாம் பதமாக, நெஞ்சு உயரத்தில், கைக்கு நேராக வந்தன. அவரும் நன்றாகத் திருப்பி அடித்தார்.

திடீரென்று சவரி ஆட்டத்தை நிறுத்தினார். ஷட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நெட் அருகே போனார்.

"ரபிக், இங்க வா."

ரபிக் வந்தான்.

"என் காலப் பாத்து ஆடுறியா?"

ரபிக் தலையைக் குனிந்தான். எங்களுக்குக் கீழ் வீட்டு வரிசையில் குடியிருப்பவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சவரி ஊன்றுகோலோடு படியேறத் திணறியதைப் பார்த்தவன்.

"வலிக்கும் அண்ணே."

"வலிக்கிறது எனக்குத்தானே? உனக்கா? இடது பக்கம் ஒன்னுகூட வரல. நான் என்ன குழந்தையா, கைல குடுக்க? ஒழுங்கா அடிக்கிறதுன்னா அடி. இல்லன்னா இப்பவே வீட்டுக்குப் போறேன்."

துரை நாற்காலியிலிருந்து மெதுவாக, "அண்ணே, டைம் அவுட்டா?" என்றார்.

"இல்ல துரை. ஆட்டம் இப்பதான் ஆரம்பிக்குது."

அவர் ரபிக்கைத் திட்டியது எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது. விபத்திலிருந்து அன்றுவரை அவர் தட்டு, தண்ணீர், செருப்பு எல்லாம் நாற்காலிக்கே வந்தன. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ஆனால் பின்கோட்டில் நின்று அதையெல்லாம் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ரபிக் சர்வீஸ் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது ஆட்டம் என்று சொல்ல முடியாது. அறுவடை. இடது பக்கம் விழுந்தது, நெட்டுக்குக் கீழே விழுந்தது, தலைக்கு மேல் போனது. சவரி ஒவ்வொன்றுக்கும் போனார். எட்டவில்லை. ஒருமுறை தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்க வரக் கூடாது என்று ராக்கெட்டை நீட்டித் தடுத்துவிட்டுத் தானே எழுந்தார். முகம் வலியில் கறுத்திருந்தது. வாயில் வந்த வார்த்தைகளை வார இதழில் எழுத முடியாது. அத்தனை மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் வாயிலிருந்து அவை வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மலேசியா படுதோல்வி அடைந்தது. ஞாயிற்றுக்கிழமை வங்காளதேசத்துக்குப் போனது.

வீட்டில் முட்டி பலூன் மாதிரி வீங்கியது. குளிர்பெட்டியிலிருந்து முட்டைக்கோஸ் இலையை எடுத்து, வீக்கம் வற்றச் சுற்றிக் கட்டினேன். "இத்தனை வருஷம் நான் இதச் சுமந்தேன்" என்றார். "இப்ப இது என்னச் சுமக்குதா?" அன்றைக்கு டிவி போடவில்லை. ரபிக்கின் ஸ்மாஷ் எந்தக் கோணத்தில் வருகிறது என்று எனக்குப் படுக்கையில் கரண்டியை வைத்து விளக்கினார்.

வெற்றியாளரின் சங்கடம்

சில வாரம் ஹாலில் வங்காளதேசம் மட்டும் ஆடியது. சாவி வாங்கிப் போனார்கள், சாவி திருப்பித் தந்தார்கள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சீக்கிரமாகவே தந்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு ரபிக் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, ஹாலுக்கு வாங்க. ஆடலாம்."

"தோத்த நாடு நாங்க. எங்களுக்கு அங்க என்ன வேலை?" சவரி அந்தத் தோரணையில் சொன்னதைப் பார்த்தால் ஏதோ தூதரகத்தில் பேசுவது போலிருந்தது.

"அண்ணே, நான் எங்க அடிப்பேன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க எங்க அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி. தூக்கம் வருது அண்ணே."

"அப்ப போய் இந்தோனேசியாவக் கூப்பிடு."

"கூப்பிட்டுட்டேன். யானியும் வராங்க. முருகேசன் அண்ணன் ஏற்கனவே வந்துட்டாரு, கச்சானோட."

சவரி கொஞ்ச நேரம் தன் முட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாலில் நாடு கிடையாது, சீட்டு எடுத்து ஜோடி சேர்ப்பது என்று முடிவானது. முடிவெடுத்தவர் யார் என்று தெரியாது. துரை பிற்பாடு இதைத் தன்னுடைய நல்லிணக்கத் திட்டம் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். நானேதான் அதைத் தட்டச்சு செய்தேன். நன்றாகவே வந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு ரபிக் விழுந்தான். சவரிக்கு யானி. நாங்களும் அவர்களும் எதிரெதிர்.

யானி அற்புதமாக ஆடினாள். அவளைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. ரபிக் என் காதருகே குனிந்து கேட்டான்: "அக்கா, எங்க போடட்டும்?"

"அவர் இடது பக்கம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"போடு லா" என்றேன்.

போட்டான். நானும் போட்டேன். முதலில் இரண்டு மூன்று விட்டார். அப்புறம் ஒன்றை, காலை அகல வைத்து, கிட்டத்தட்ட விழப்போகிற நிலையில், எடுத்துவிட்டார். ஹால் கத்தியது. முருகேசன் கச்சானைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அடுத்ததையும் அங்கேயே போட்டேன்.

நாங்கள்தான் ஜெயித்தோம்.

வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் மெல்ல நடந்தோம். மழை விட்டிருந்தது. இரு பக்கமும் தேயிலைச் செடிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் கை கொடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொள்வதென்றால் பிடித்துக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் நடந்தேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

பாதி வழியில் நின்றார்.

"இடது பக்கமே போடச் சொன்னது யாரு? ரபிக்கா?"

"நான்தான்."

"புருஷன்னு பாக்கல?"

"எதிர் டீம்னு பாத்தேன்."

என்னை முறைத்தார். பிறகு சிரித்தார். சத்தமாக, இருமல் வரும்வரை சிரித்தார். கீழ் வரிசையில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"அடுத்த வாரம் இருக்கு உனக்கு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தலைக்குப் பின்னால தூக்கிப் போடுறேன் பாரு. உனக்குப் பின்னால திரும்பி ஓட வராது. எனக்குத் தெரியும்."

அது உண்மைதான். அந்த வாரம் முழுக்க, அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் பின்னால் திரும்பி ஓடிப் பழகினேன். ஒருமுறை துரை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"என்னாச்சு கிராணியம்மா, முதுகு வலியா?"

ஆமாம் துரை என்றேன்.